விசுவாசம் எங்கே தெரிய வேண்டும்? ஒரு கொலுசுப் பட்டறைக்காரருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அப்பா விட்டுப்போன வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நடத்துகிறீர்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். அப்பா உயில் எழுதாமல் காலமானதால், அக்காவிடம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லி வீட்டில் நெருக்குகிறார்கள். ஆடிப் பண்டிகை வந்தால் நன்கொடை கேட்கிறார்கள், பக்கத்து வீட்டிலிருந்து பிரசாதம் வருகிறது. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வார்டில் நில்லுங்கள் என்று தெருக்காரர்கள் சொல்கிறார்கள். சபையிலோ சிலர், 'அரசியல் சாக்கடை, விசுவாசிக்கு அது ஆகாது' என்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன், மற்ற ஆறு நாளும் நான் கிறிஸ்தவன் என்பது எதில் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மை எதிர்த்துப் பேச முடியாத நிலையில் இருப்பவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அது தெரியும். வங்கி மேலாளரிடமும் சபை மூப்பரிடமும் பெரிய வியாபாரியிடமும் எல்லாரும் பணிவாகத்தான் பேசுவோம், அதற்கு விசுவாசம் தேவைப்படாது. வாரக் கூலிக்கு வருகிறவர், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடும் அக்கா, புதிதாக வீட்டுக்கு வந்த மருமகள், தெருவில் எண்ணிக்கையில் குறைந்த குடும்பம் என்று இவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சாட்சி, ஊழியம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நானாகச் சொல்லவில்லை. லூக்கா 3-ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் வந்து கேட்டதும் உங்கள் கேள்விதான்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? சாதாரண ஜனங்கள் கேட்டார்கள், வரி வசூலிக்கும் ஆயக்காரர் கேட்டார்கள், போர்ச்சேவகர் கேட்டார்கள். இத்தனை மணி நேரம் ஜெபம் செய்யுங்கள் என்றோ, அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்றோ அவர் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். ஆயக்காரரைப் பார்த்து, "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார். சேவகரிடம், யாரையும் இம்சை செய்யாதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார். மூன்று பதிலுமே துணி, பணம், அதிகாரம் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலில் எங்கே கை நீளுமோ, அங்கே விரலை வைத்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் தொழிலில் அந்த இடம் தராசு.

சனிக்கிழமை சாயங்காலப் பட்டறையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறோம். கம்பி இழுப்பவர், அரும்பு வைப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று வேலை கை மாறிக்கொண்டே போகிறது. பாதி வேலை அவரவர் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. வேலை முடிந்து திரும்பி வரும்போது மறுபடியும் எடை. போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் சேதாரம் என்று கொஞ்சம் தள்ளிவிட்டு, அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடிப்போம். ஒரு அம்மா தூக்குப் பையிலிருந்து கொலுசுக் கட்டை எடுத்துத் தராசுத் தட்டில் வைக்கிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எழுத்தில் எண் ஓடி நிற்கிறது. அந்த எண் தெரிவது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும். நாம் ஒரு எண்ணைச் சொல்கிறோம், சிட்டையில் எழுதுகிறோம், அவர் தலையாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். அவரிடம் தராசு கிடையாது. இரண்டு கிராம் என்று நாம் சொன்னால் இரண்டு கிராம்தான்.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. தராசில் கை வைக்காதவர்கூட, அதன் முகத்தைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தால் இந்த வசனத்தைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே என் முதல் யோசனை: தராசை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். சிட்டையை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். எவ்வளவு சேதாரம் தள்ளுவோம் என்பதை வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், திரும்பி வரும்போது முடிவு செய்யாதீர்கள். ஒரே வாரத்தில் செய்துவிடக்கூடிய காரியம்தான். இதனால் லாபம் கொஞ்சம் குறையலாம். குறைந்தால், அந்தக் குறைந்த பங்கு இத்தனை நாள் யாருடையதாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கூலி கொடுக்கும் நாளும் அப்படித்தான். "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்பது லேவியராகமம் 19. கடைக்காரர் இன்னும் பில் பணம் தரவில்லை, அதனால் அடுத்த வாரம் வாங்கிக்கொள் என்று சொல்வது நம் தொழிலில் சர்வசாதாரணம். வியாபாரி உங்களை இழுத்தடித்தால் அந்தப் பாரத்தை நீங்கள் தாங்க வேண்டும், உங்களைவிட மெலிந்த தோளுக்கு இறக்கிவிடக் கூடாது. கைமாற்று வாங்கியாவது சனிக்கிழமை கூலியைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, முன்பணம். கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று வேலையாட்கள் அட்வான்ஸ் வாங்குவார்கள். உதவி என்றுதான் ஆரம்பிக்கும். கணக்கு ஏற ஏற, அவர் வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி உயர்த்திக் கேட்க முடியாது, ஒரு நாள் லீவு கேட்கவும் பயம் வந்துவிடும். விசைத்தறிகளிலும் இதே கதைதான். கடனைக் காட்டி ஒருவரின் உழைப்பைக் கட்டிவைப்பதை 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றம் என்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொன்ன உபாகமம் 15-ஆம் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. அப்படியே முழுதாகத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முன்பணத்துக்குத் தனிக் கணக்கு வையுங்கள், வாரம் இவ்வளவுதான் பிடிப்பேன் என்று வரம்பு போடுங்கள், மீதி இருந்தாலும் அவர் வேலையை விட்டுப் போக விரும்பினால் தடுக்காதீர்கள்.

மலை மேலும் இதே பரீட்சைதான். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்றைக்கு ஏற்காடு என்றால் நமக்கெல்லாம் தியானக் கூடுகைகள், 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி என்று கிறிஸ்தவ அடையாளங்கள் நினைவுக்கு வரும். அதே மலையில் பனிக்குளிரில் காப்பிப் பழம் பறிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்களும் இருக்கிறார்கள். வயலை அறுத்தவர்களின் கூலி "அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு 5-இல் எழுதியிருப்பது காப்பித் தோட்டத்துக்கும் சேர்த்துத்தான். தியானத்துக்குப் போய் இளகிய மனத்தோடு இறங்கி வருபவர்கள், வழியில் பலாப்பழம், கொய்யா விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும்.

இனி அக்கா விஷயம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் இதற்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி.

கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் கிடையாது. தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்தது 1989-இல், நாடு முழுக்க 2005-இல்தான். நம் வீட்டுப் பெண்களுக்கோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சட்டத்தில் சம பங்கு எழுதியிருந்தது. ஆனாலும் நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பாவின் நாற்பதாம் நாள் ஜெபக் கூட்டம் முடிவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. "உனக்குத்தான் அப்பாவே நகை போட்டுச் சீர் செய்துட்டாரே" என்கிறார்கள். "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா தம்பிதானே வந்து நிற்கணும்" என்கிறார்கள். அக்கா என்ன செய்வார்? பங்கைக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துபோகும் என்ற பயத்தில், சார்பதிவாளர் அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, படித்துக்கூடப் பார்க்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். கட்டைவிரலில் மையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இருங்கடா" என்றும் சொல்லிவிட்டுப் போவார். அவர் மனமுவந்து கொடுத்தார் என்று நாமும் நம்பிக்கொள்வோம்.

எண்ணாகமம் 27-இல் செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் ஆசரிப்புக் கூடார வாசலில் வந்து நின்றார்கள். மோசே, ஆசாரியன், பிரபுக்கள், சபையார் எல்லோர் முன்பாகவும், எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதால் அவர் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே அந்த வழக்கைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம், கொடு என்று பதில் வந்தது. பங்கு கேட்ட பெண்களை 'பேராசைக்காரி' என்று சொன்ன ஒரு வரியும் அங்கே இல்லை. நம் வீட்டு அக்கா வாசலில் வந்து கேட்கக்கூட இல்லை. கேட்காதவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் உங்கள் முன்னால் இருக்கும் காரியம்.

நடைமுறைக்கு வருவோம். பட்டறை, வீடு, இருப்பு வெள்ளி, கடன் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அம்மா பங்கு, அக்கா பங்கு, உங்கள் பங்கு என்று கணக்குப் போடுங்கள். அக்காவின் கணவர் முன்னிலையில் மட்டும் பேசாதீர்கள், அக்காவிடம் தனியாகவும் பேசுங்கள். 'இது உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டியது' என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். பட்டறையைப் பிரித்தால் தொழில் நின்றுவிடும் என்றால், அவர் பங்குக்கு இன்றைய மதிப்பைப் போட்டு இரண்டு மூன்று வருஷத் தவணையில் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். அதற்கு அப்புறமும் அவர் முழு மனதோடு, எனக்கு வேண்டாம் என்றால் அது அவர் விருப்பம். ஆனால் அந்த வார்த்தை, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்தவரின் வாயிலிருந்து வர வேண்டும். பீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன் பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். அக்காவின் பங்கைச் சேர்த்துக்கொண்டு அதிலிருந்து தசமபாகம் கொடுத்தால், எதைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுக்கிறோம்?

சீர் என்றதும் வரதட்சணை. 1961-இலிருந்தே சட்டம் தடுக்கிறது, சபையில் கல்யாண ஓலை வாசிக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். பெண் வீட்டில் 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்' என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்தின் பொருள் எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

அப்புறம் சாதி. கிறிஸ்தவ மணமகள் தேவை என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே சாதிப் பெயரைப் போடுகிறோம். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று ஆணை அனுப்பியபோது தஞ்சாவூர்ப் பக்கம் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. தேவசகாயத்தை 2022 மே 15-இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டுத்தான் அறிவித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்தவர், எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். குருவானவர் அல்ல, குடும்பம் உள்ள சாதாரண விசுவாசி. உங்கள் பட்டறையில் எல்லாருக்கும் ஒரே டீ டம்ளரா, ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். வேலையாட்கள் தங்களுக்குள்ளேயே பிரித்து வைத்திருந்தாலும், முதலாளி நடுவில் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் அது மாற ஆரம்பிக்கும். உங்கள் கல்யாணத்தில் இந்தக் கேள்வி வரும்போது என்ன பதில் சொல்வீர்கள் என்பதை இப்போதே ஜெபத்தில் வையுங்கள்.

வீட்டுக்குள்ளே ஒரு சொல். "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்று எபேசியர் 5-ஐ எடுத்துச் சொல்பவர்கள், அதற்கு முந்தின வசனத்திலேயே "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருப்பதையும் வாசிக்க வேண்டும். அடிபட்டு வரும் பெண்ணிடம், பொறுத்துப் போ, ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவதைச் சபைகள் நிறுத்த வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற உதவி எண் இருக்கிறது. அவளைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட்டு ஜெபம் செய்யலாம்.

ஆடிப் பண்டிகைக்கு வருகிறேன். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் சேலமே பண்டிகைக்குள் போய்விடும். குகையில் வண்டி வேடிக்கை பார்க்க நம் சபைப் பிள்ளைகளும் தோளில் குழந்தையோடு நிற்பார்கள். இதில் நமக்குள்ளே கருத்து வேற்றுமை உண்டு, அதை மறைக்க வேண்டாம். பவுல் 1 கொரிந்தியர் 10-இல் சொன்னது ரொம்பவும் நிதானமானது: அழைத்த வீட்டில் முன்னால் வைப்பதை, எங்கிருந்து வந்தது என்று துருவாமல் சாப்பிடுங்கள், இது படைத்தது என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் இருங்கள். ஆகவே உங்கள் மனம் இடம் தராவிட்டால் பிரசாதத்தைச் சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் கொண்டுவந்தவர் கையிலிருந்து மரியாதையாக வாங்குங்கள், அல்லது "அக்கா, நாங்க படையல் சாப்பிடுறதில்லை, கோவிச்சுக்காதீங்க, உட்காருங்க, காப்பி போடுறேன்" என்று முகம் மலரச் சொல்லுங்கள். வாங்கிவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் குப்பையில் போடுவது பொய். அதைவிட மோசம், அதைப் பற்றிச் சபையில் பெருமையாகச் சொல்வது. நன்கொடை விஷயத்தில் என் அபிப்பிராயம், கூழ் ஊற்றவும் மோர்ப் பந்தலுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது. பசித்தவருக்கும் தாகத்தோடு வருபவருக்கும் கொடுப்பதில் என்ன தடை? பூசைச் செலவுக்குக் கொடுக்க மனம் வராவிட்டால், இதற்குத் தருகிறேன் என்று திறந்து சொல்லிவிடுங்கள். சேலத்துக்காரர்கள் அதைப் புரிந்துகொள்கிறவர்கள்தான்.

ஆயுத பூஜை அன்று உங்கள் வேலையாட்கள் பட்டறையில் பொட்டு வைத்துப் பொரி படைக்க விரும்பினால் தடுக்காதீர்கள் என்பேன். அந்தக் கருவிகளோடு உங்களைவிட அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள். நீங்கள் தீபாராதனை காட்ட வேண்டியதில்லை, அவர்களும் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். போனஸைத் தீபாவளிக்கே கொடுங்கள், கிறிஸ்துமஸ் வரை வைத்திருந்து கேக்கோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஜெபக் கூட்டத்துக்கு வந்தால்தான் முதலாளிக்குப் பிடிக்கும் என்ற எண்ணம் ஒரு வேலையாளுக்கும் வரக்கூடாது. கூலி கொடுக்கும் கையால் மதத்தைத் திணித்தால், அது சுவிசேஷமே இல்லை. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு எல்லா மனிதருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் தருகிறது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர்களே ஒரு நாள் கேட்டால், பேதுரு சொன்ன மாதிரி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக வார்டுத் தேர்தல். இதற்கு உங்கள் ஊரிலிருந்தே ஒரு மனிதரைக் காட்டுகிறேன். கே.டி. பால் 1876-இல் சேலத்தில் பிறந்தவர். கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச் செயலாளர் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஊழியம் என்றால் நகரத்து இளைஞர்களுக்கு விடுதியும் விளையாட்டும் என்று இருந்த காலத்தில், கிராமத்துக் கடன்தான் ஏழையின் கழுத்துக் கயிறு என்று கண்டு, கூட்டுறவுக் கடன் சங்கங்களையும் கிராமச் சீரமைப்பையும் கையில் எடுத்தார். 1930-இல் லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் போனவர்களில் ஒருவர். ஒவ்வொரு சமூகமும், தன் ஆட்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம், எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்போம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். பின்னால் அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையினர் துணைக் குழுவுக்குத் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜியும் கிறிஸ்தவர்தான். சட்டமன்றத்தில் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற முடிவு 1949-இல் எடுக்கப்பட்டபோது, சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா போன்றவர்களும் அதற்கு ஆதரவாக நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரை நம்பி எடுத்த முடிவு அது. நம் சபைக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும் என்ற நினைப்போடு நீங்கள் நின்றால், அந்த நம்பிக்கையைக் கலைக்கிறீர்கள். தெருவுக்காக நில்லுங்கள்.

அரசியல் சாக்கடை என்பவர்களுக்கு என் பதில்: வார்டு உறுப்பினரின் முதல் வேலையே சாக்கடைதான், அதைப் பார்க்க ஆள் வேண்டும். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் திருமணிமுத்தாறு, சேலத்துக்குள் நுழைந்ததும் சாயக் கழிவும் சாக்கடையுமாக ஓடுகிறது. மழைக்குக் கரையோர வீடுகளில் தண்ணீர் ஏறினால், மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர் வீடா, ஆலயத்துக்குப் போகிறவர் வீடா என்று அது பார்ப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கே எரேமியா எழுதினார்: அந்தப் "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள்." தங்களைச் சிறைபிடித்தவன் ஊருக்கே நன்மை தேடச் சொன்னார் என்றால், சொந்த ஊருக்குச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் நிற்பதற்கு முன் சில காரியங்களில் உறுதியாகிக்கொள்ளுங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டேன் என்று முதல் நாளே உங்களை அழைக்கிறவர்களிடம் சொல்லுங்கள். அதில் பாதிப் பேர் விலகிப் போனால், யாரோடு வேலை செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால், குடிநீர் இணைப்புக்கும் கட்டட அனுமதிக்கும் பணம் கைமாறும் இடம் உங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஆயக்காரருக்கு யோவான் சொன்ன வார்த்தை அப்படியே உங்களுக்கும் வரும். உங்கள் வார்டில் நீங்கள் வாங்கவில்லை என்பது மட்டும் போதாது. உங்கள் பேரைச் சொல்லி யார் வாங்குகிறார் என்றும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் வீட்டாரைவிடக் கூட இருக்கும் நண்பர்களிடம்தான் கண் இருக்க வேண்டும்.

சபையில் பொறுப்பில் இருந்தால், வேட்புமனு கொடுக்கும் முன்பே அதிலிருந்து விலகிவிடுங்கள். போதகர் ஐயரிடம் போய், பீடத்திலிருந்து எனக்காக ஓட்டுக் கேட்க வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஆலய வளாகத்தில் உங்கள் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது, மற்ற வேட்பாளர்கள் வந்தாலும் அதே விதிதான். உங்களுக்கு ஓட்டுப் போடாத சபையார் அடுத்த ஞாயிறு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருவிருந்து எடுக்க வேண்டும், அதற்கு ஒரு சங்கடமும் வரக்கூடாது. இதெல்லாம் அடுத்த வருஷத்துக் கதை. அக்காவிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.